முகத்துக்குப் பூசிய கிரீம் சிறுநீரகத்தைத் தாக்குமா? மருந்துகள் தூண்டிவிடும் தன்னெதிர்ப்பு நோய்கள் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிறது கோட்டக்கல். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த 22 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 22 பேருக்கும் ஒரே நோய்: மெம்பரனஸ் நெஃப்ரோபதி. சிறுநீரகத்தின் வடிகட்டியை நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிற நோய் இது.

இந்த 22 பேரில் 15 பேருக்கு வந்திருந்தது ‘நெல்-1’ என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டார்கள். நோய் வருவதற்கு முன்னால் அவர்கள் சிவப்பழகு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். மீதி இரண்டு பேரில் ஒருவர் நாட்டு மருந்து சாப்பிட்டவர். ஒரே ஒருவருக்குத்தான் காரணம் பிடிபடவில்லை.

மருத்துவர்கள் ரஞ்சித் நாராயணன், சஜீஷ் சிவதாஸ் ஆகியோர் சென்னையைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் அனிலா ஆபிரகாம் குரியனுடன் சேர்ந்து இதை ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் வெளியிட்டபோது, நாடு முழுக்க அது செய்தியானது.

கொல்லங்கோட்டிலோ, சித்தூரிலோ, மூணாறிலோ, குமுளியிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், இது உங்கள் மாநிலத்துச் செய்தி. வேலைக்காகக் கோவையிலோ பெங்களூருவிலோ இருந்தாலும் இது உங்களுக்கான செய்திதான். ஏனென்றால் கிரீம் இதில் ஒரு உதாரணம் மட்டுமே. முகப்பரு மாத்திரை, காசநோய் மாத்திரை, ‘இம்யூனிட்டி’ கஷாயம், கை கால் மரத்துப்போனால் எழுதித் தருகிற சப்ளிமென்ட் என்று இந்தப் பட்டியல் நீளமானது.

நோயைத் தீர்க்க, அல்லது அழகுக்காக எடுத்துக்கொள்கிற ஒரு பொருள், உடம்பை உடம்புக்கே எதிரியாக்குவது எப்படி? யாருக்கு வரும்? வந்தால் சரியாகுமா?

முதலில், தன்னெதிர்ப்பு நோய் என்றால் என்ன?

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகும் வழியில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைக் கடந்திருப்பீர்கள். நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமும் ஏறக்குறைய அப்படி ஒரு சோதனைச்சாவடிதான். கிருமி என்ற வெளியூர் வண்டி வந்தால் மறிக்கும். நம் உடம்பின் சொந்த செல்கள் என்ற உள்ளூர் வண்டி வந்தால் விட்டுவிடும்.

இந்த அடையாளம் காணும் வேலை குழம்பிப்போனால்? காவலில் நிற்பவர் உள்ளூர் வண்டியையே அடித்து நொறுக்க ஆரம்பித்துவிடுவார். அதுதான் தன்னெதிர்ப்பு நோய். ஆட்டோஇம்யூன் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். முடக்குவாதம், லூபஸ், சில வகை தைராய்டு கோளாறுகள், டைப்-1 சர்க்கரை நோய் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெரும்பாலான நோயாளிகளுக்கு இது ஏன் வந்தது என்று ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. மரபணு, ஹார்மோன், தொற்று எனப் பல விஷயங்கள் சேர்ந்து வேலை செய்யும். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும், ‘இதுதான் காரணம்’ என்று விரல் நீட்டிக் காட்ட முடியும். அந்தக் காரணம் ஒரு மருந்து. அதைக் கண்டுபிடித்து நிறுத்தினால், பல நேரங்களில் நோயும் அடங்கிவிடும். மற்ற தன்னெதிர்ப்பு நோயாளிகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. கண்டுபிடிக்காவிட்டால், வாழ்நாள் நோய் என்று நினைத்து ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளும் கொடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். நோயைக் கிளப்பிய பொருளும் இன்னொரு பக்கம் உடம்புக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

இது அலர்ஜிதானே?

இல்லை. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிப்பது அலர்ஜி. வயிற்றைப் புரட்டுவது, தூக்கம் வருவது எல்லாம் சாதாரணப் பக்கவிளைவு. இவை சீக்கிரம் தெரியும். ‘அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை’ என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

மருந்து தூண்டும் தன்னெதிர்ப்பு நோய் அப்படி வருவதில்லை. மருந்தைத் தொடங்கிச் சில வாரங்கள், பல மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூடக் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் அந்த மருந்து உங்கள் அன்றாடத்தில் பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கமாகியிருக்கும். ‘ஆறு மாசமா இதைத்தானே சாப்பிடறேன், ஒண்ணும் ஆகலையே’ என்று அதை சந்தேகப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டீர்கள்.

கிரீமில் என்ன இருந்தது?

பாதரசம். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உருவாக்க உதவும் டைரோசினேஸ் என்ற நொதியைப் பாதரச உப்புகள் தடுத்துவிடும். அதனால் சில வாரங்களிலேயே முகம் வெளுத்த மாதிரி தெரியும். மலிவான, முகவரி இல்லாத கிரீம்கள் ‘பளிச்’ என்று வேலை செய்வதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். கிரீமை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும். அதனால் மறுபடி பூசுவார்கள். பாதரசம் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் சேரும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. டீ வடிகட்டும்போது இலை மேலே தங்கி, டீ மட்டும் இறங்குவது போல, ரத்தத்திலுள்ள புரதம் மேலேயே நிற்க, கழிவுநீர் மட்டும் கீழே இறங்கும். மெம்பரனஸ் நெஃப்ரோபதியில், நம் உடலே உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் இந்த வடிகட்டியின் சவ்வில் போய்ப் படிகின்றன. சவ்வு தடித்து, ஓட்டையாகி, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகத் தொடங்குகிறது. சிறுநீர் நுரைப்பதற்கு அதுதான் காரணம். ரத்தத்தில் அல்புமின் குறைந்தால் நீர் திசுக்களில் தேங்கும். அதனால்தான் கண்ணிமையும் காலும் வீங்குகின்றன. ரத்தம் உறையும் தன்மையும் கூடிவிடும். கோட்டக்கல் நோயாளிகளில் ஒருவருக்கு மூளையின் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்தது இதனால்தான்.

இந்த நோயில் எதிர்ப்பு மண்டலம் எந்தப் புரதத்தைக் குறிவைக்கிறது என்பதை வைத்து வகை பிரிக்கிறார்கள். ‘பிஎல்ஏ2ஆர்’ என்ற பொதுவான வகை 2009-ல் கண்டறியப்பட்டது. நெல்-1 வகையை 2020 வாக்கில்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சஞ்சீவ் சேத்தியின் குழு அடையாளம் கண்டது. தொடக்கத்தில் அது புற்றுநோயோடு தொடர்புடையதாகத்தான் பேசப்பட்டது. இந்தியாவில் பார்த்தபோதுதான் கிரீமும் நாட்டு மருந்தும் சேர்ந்து வெளியே வந்தன.

இதில் நல்ல செய்தியும் உண்டு. கோட்டக்கல் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு, கிரீமை நிறுத்திய பிறகு நோய் தணிந்தது. யாருக்கும் சிறுநீரகம் செயலிழக்கவில்லை.

இது புதிய பிரச்சனையா?

இல்லை என்பதுதான் வேதனை. 1972-லேயே கென்யாவின் நைரோபியில் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயோடு வந்த 60 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதரசம் கலந்த, தோலை வெளுப்பாக்கும் கிரீம் பயன்படுத்தியதை ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். அதற்கு 50 வருடம் கழித்து, அதே கதை மலப்புறத்தில்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்துவிட்டாலும், பொதுவாக 10 லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-ல் இணைந்தது. பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனப் பொருட்களையும் 2025-க்குள் ஒழிப்பது என்று அதன் உறுப்பு நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் முடிவு செய்தன.

ஆனால் கடைத்தெரு வேறு மாதிரி இருக்கிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் 2023 முதல் கடைகளில் சோதனை நடத்தி வருகிறது. அதில் பிடிபட்ட லிப்ஸ்டிக், ஃபேஸ் கிரீம் மாதிரிகளில், அனுமதித்த அளவைவிடச் சுமார் 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக 2025 ஜனவரியில் கேரள அரசு அறிவித்தது.

‘நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இருக்காது’ — சரியா?

கோட்டக்கல் ஆய்வுக்கு முன்பே, 2022-ல், சென்னையில் உள்ள ரீனோபாத் என்ற சிறுநீரக நோய்க்குறியியல் மையத்தின் மருத்துவர்கள் இதே ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். நெல்-1 வகை நோய் வந்தவர்களில் கணிசமானோர் பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டிருந்தார்கள். அந்த மருந்துகளில் பாதரசம் இருப்பதும் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது.

எல்லா நாட்டு மருந்தும் ஆபத்து என்று இதற்கு அர்த்தமில்லை. சுக்குக் கஷாயமும் பாதரசம் சேர்ந்த செந்தூரமும் ஒன்றல்ல. சித்த, ஆயுர்வேத மரபுகளில் மூலிகை மருந்துகளும் உண்டு. ரசம், லிங்கம் போன்ற பாதரசப் பொருட்களைச் சேர்த்துச் செய்யும் பற்பம், செந்தூர வகைகளும் உண்டு. கையில் இருக்கும் பொட்டலம் இதில் எந்த வகை, யார் தயாரித்தது, உரிமம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெயர் எழுதாத பொட்டலத்துக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

கோவிட் காலத்தில் நடந்த இன்னொரு விஷயமும் நினைவிருக்கலாம். எதிர்ப்பு சக்தி கூடும் என்று சொல்லிப் பலர் சீந்தில் தண்டை வீட்டிலேயே கொதிக்கவைத்துக் குடித்தார்கள். வடக்கே இதை கிலோய் என்பார்கள். 2020 கடைசியில் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். பிறகு இந்தியாவின் 13 மருத்துவ மையங்கள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. அவர்களில் பலருக்கு வந்தது தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியைப் போன்ற பாதிப்பு. ஏற்கெனவே தன்னெதிர்ப்பு நோய்க்கான நாட்டம் உள்ளவர்களிடம் சீந்தில் அதைத் தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது அந்த மருத்துவர்களின் வாதம். ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. வேறு ஒரு கொடியைச் சீந்தில் என்று தவறாக எடுத்திருக்கலாம் என்றது. எது சரி என்றாலும் உங்களுக்கான பாடம் ஒன்றுதான்: ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்பது எல்லோருக்கும் நல்ல செய்தி அல்ல. தைராய்டு, முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் ஏற்கெனவே இருப்பவருக்கு, எதிர்ப்பு மண்டலத்தைச் சீண்டாமல் இருப்பதுதான் நல்லது.

அப்போ டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையிலும் வருமா?

வரும், ஆனால் அரிதாக. இதில் மருத்துவ உலகம் அதிகம் படித்தது, ‘மருந்து தூண்டும் லூபஸ்’ என்ற நோயை. 1945-ல் சல்ஃபாடயசின் என்ற மருந்தோடு முதல் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 1950-களில் ஹைட்ராலசின் என்ற ரத்த அழுத்த மருந்து, 1960-களில் புரோகைனமைடு என்ற இதய மருந்து என்று பட்டியல் வளர்ந்தது. நீங்களோ உங்கள் வீட்டினரோ சாப்பிட வாய்ப்புள்ள சில மருந்துகளை மட்டும் பார்க்கலாம்.

ஐசோனியாசிட்: காசநோய்க்கான அடிப்படை மாத்திரை. அதிகபட்சம் 100-ல் ஒருவருக்கு லூபஸ் போன்ற பிரச்சனை வரலாம்.

மினோசைக்ளின்: முகப்பருவுக்கு மாதக்கணக்கில் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக். இளம்பெண்களிடம் லூபஸ் போன்ற மூட்டுவலியையும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியையும் தூண்டியது பதிவாகியிருக்கிறது.

மெத்தில்டோபா: கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குப் பல வருடங்களாகக் கொடுக்கப்படுவது. அரிதாக, நம் சிவப்பணுக்களையே உடம்பு அழிக்கிற ரத்தசோகை வரலாம்.

டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள்: இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்றவை. முடக்குவாதம், சோரியாசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கே கொடுக்கப்படுபவை. ஆனால் இவையே சிலருக்கு லூபஸைத் தூண்டுவதுண்டு.

ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட்: கை கால் மரத்துப்போகும்போது மெத்தில்கோபாலமினோடு சேர்த்துத் தரப்படும் சப்ளிமென்ட். ஆன்லைனிலும் சாதாரணமாகக் கிடைக்கும். மேலே பார்த்த அதே நெல்-1 சிறுநீரக நோயோடு இதற்கும் தொடர்பு இருப்பது வெளிநாட்டு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

மருந்து தூண்டும் லூபஸின் முகம், சாதாரண லூபஸைவிடக் கொஞ்சம் மென்மையானது. மூட்டுவலி, தசைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்துவது போன்றவை இருக்கும். சிறுநீரகமும் மூளையும் பெரும்பாலும் தப்பிவிடும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறிகுறிகள் குறையும். ரத்தத்தில் ‘ஏ.என்.ஏ.’ பரிசோதனை மட்டும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் பாசிட்டிவாகவே இருக்கலாம். இந்த மருந்துகளைச் சாப்பிடும் பலருக்கு எந்த நோயும் இல்லாமலேயே ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆவதும் உண்டு. அதனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு கூகுளில் தேடி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே மருந்து, எனக்கு மட்டும் ஏன்?

மூன்று வழிகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று, சில மருந்துகள் நம் சொந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதன் தோற்றத்தையே மாற்றிவிடும். உள்ளூர் வண்டியில் வெளியூர் நம்பர் பிளேட் மாட்டின மாதிரி. சோதனைச்சாவடி அதை எதிரி என்று நினைத்துவிடும்.

இரண்டு, ஹைட்ராலசின், புரோகைனமைடு போன்றவை எதிர்ப்பு செல்களின் மரபணுக்களில் பூட்டியிருக்க வேண்டிய சில சுவிட்சுகளைத் திறந்துவிடும். காவலில் இருப்பவர் தேவைக்கு மேல் முரடராகிவிடுவார்.

மூன்று, சில நவீன புற்றுநோய் மருந்துகள் எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கையே வேண்டுமென்று எடுத்துவிடும். புற்றுநோயைத் தாக்குவதற்காகச் செய்யும் வேலை அது. அந்த வேகத்தில் தைராய்டு, குடல், கல்லீரல் எல்லாம் அடிவாங்கலாம். அங்கே டாக்டர்கள் இதை எதிர்பார்த்தே கண்காணிப்பார்கள்.

அடுத்தது உங்கள் மரபணு. ஐசோனியாசிட், ஹைட்ராலசின் போன்றவற்றை நம் கல்லீரல் ‘நாட்-2’ என்ற நொதியால் உடைக்கிறது. சிலருக்கு இது வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. மெதுவாக உடைப்பவர்கள் உடம்பில் மருந்து அதிக நேரம் தங்கும். இந்த இரண்டு மருந்துகளையும் பொறுத்தவரை ஆபத்தும் கூடும். இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த மெதுவான வகைதான். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு எந்தப் பிரச்சனையும் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லையோர ஊர்களில் இது ஏன் இன்னும் எளிதாகத் தப்பிவிடுகிறது?

கொல்லங்கோட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் என்றால் உள்ளூர் டாக்டர். ஸ்கேன் என்றால் பாலக்காடு. பெரிய டாக்டர் என்றால் பொள்ளாச்சி அல்லது கோயம்புத்தூர். மூட்டுவலிக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர். கிரீம் ஆன்லைனில், அல்லது வளைகுடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்தது. மூணாறு தோட்டப் பகுதியில் இருப்பவருக்கு இதே கதையில் ஊர்கள் மட்டும் மாறும்: போடி, தேனி, மதுரை.

ஒரு சீட்டு மலையாள நாட்டில், ஒரு சீட்டு தமிழ்நாட்டில். எந்த டாக்டரிடமும் முழுப் பட்டியல் இல்லை. இப்போது இந்த உரையாடலைப் பாருங்கள்.

“வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடறீங்களா?”

“இல்லைங்க டாக்டர்.”

இது பொய் இல்லை. அவர் மனசில் கிரீம் மருந்து கிடையாது. லேகியம் மருந்து கிடையாது. ஜிம்மில் கொடுத்த பவுடர் மருந்து கிடையாது. டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் மருந்து. கேள்வியும் சரிதான், பதிலும் நேர்மைதான். ஆனால் நோயின் காரணம் இரண்டுக்கும் நடுவில் நழுவிவிடுகிறது. அதோடு, சிவப்பழகு கிரீம் பூசுகிறேன் என்று சொல்ல ஒரு கூச்சமும் இருக்கும். ஆண்களுக்கு இன்னும் கூடுதலாக.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்:

• சிறுநீர் தொடர்ந்து சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைப்பது
• காலையில் கண்ணிமை வீக்கம். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவது
• காரணமில்லாமல் வாரக்கணக்கில் மூட்டுவலி, காய்ச்சல், கடும் களைப்பு
• மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துவது
• கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது
• வெயில் படும் இடங்களில் புதிதாகச் சிவந்த தடிப்பு

சிறுநீரக பாதிப்புக்கு முதல் படி, சிறுநீரில் அல்புமின் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை. எந்த ஊர் லேபிலும் குறைந்த செலவில் செய்யலாம். அதில் சந்தேகம் வந்தால்தான் ரத்தப் பரிசோதனை, சிறுநீரக மருத்துவர், தேவைப்பட்டால் பயாப்ஸி எல்லாம். பாதரச சந்தேகம் இருந்தால் ரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவைப் பார்ப்பார்கள்.

சந்தேகம் வந்துவிட்டது. மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா?

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

பெயர் முகவரி இல்லாத கிரீம், என்ன இருக்கிறது என்றே தெரியாத பொட்டல மருந்து: இன்றைக்கே நிறுத்தலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். டப்பாவோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதுதான் துப்பு.

டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து: நீங்களாக நிறுத்தக் கூடாது. காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டால், நோய் திரும்பும். அதுவும் மருந்துக்கு அடங்காத வடிவத்தில் திரும்பலாம். வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவும். 100-ல் ஒருவருக்கு வரக்கூடிய, வந்தாலும் பெரும்பாலும் சரியாகிவிடக்கூடிய ஒரு பிரச்சனைக்காக அந்த ஆபத்தை எடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. இதய மருந்து, பிரஷர் மருந்து, டிஎன்எஃப் ஊசி எல்லாவற்றுக்கும் இதே விதி. மாற்று மருந்து இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியது உங்கள் டாக்டர். ‘இந்த மாத்திரையால இருக்குமா டாக்டர்?’ என்று கேட்க வேண்டியது நீங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காரணம் உறுதியாகி அதை நிறுத்திய பிறகும், ஒரே நாளில் சரியாகிவிடாது. புரதக் கசிவு அடங்க மாதங்கள் ஆகலாம். அதுவரை கசிவைக் குறைக்கும் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எல்லாம் தேவைப்படலாம். ‘வீக்கம் வடிஞ்சிருச்சு’ என்று பாதியில் டாக்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

இந்த வாரமே நீங்கள் செய்யக்கூடியவை

ஒன்று, ஒரு பட்டியல் போடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் வாய்வழியாக, தோல்வழியாக, ஊசிவழியாக உடம்புக்குள் போன எல்லாமே அதில் வர வேண்டும். மாத்திரை, கிரீம், லேகியம், கஷாயம், புரோட்டீன் பவுடர், வைட்டமின் எல்லாம். எப்போது தொடங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்தாலும் போதும். அம்மா அப்பாவுக்கும் ஒன்று செய்துவையுங்கள். எந்த மாநிலத்து டாக்டரைப் பார்த்தாலும் அதையே காட்டுங்கள்.

இரண்டு, கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கிறதா? இறக்குமதியான பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். மூலப்பொருள் பட்டியலில் காலமெல், மெர்குரிக், மெர்க்குரஸ், அமோனியேட்டட் மெர்குரி போன்ற சொற்கள் இருந்தால் தொடவே வேண்டாம். பட்டியலே இல்லை என்றால் இன்னும் மோசம்.

மூன்று, மருந்தால் பாதிப்பு வந்ததாக சந்தேகம் இருந்தால் புகார் பதிவு செய்யுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைக்கும் மருந்து கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் செயல்படுகிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் டாக்டர்கள் மட்டுமல்ல, நோயாளிகளும் தெரிவிக்கலாம்.

கோட்டக்கல்லில் காரணம் பிடிபட்டதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பயாப்ஸி, ‘இது வழக்கமான வகை இல்லை’ என்று சொன்னது. அதற்குப் பிறகு, ‘முகத்துக்கு என்ன பூசறீங்க?’ என்று டாக்டர்கள் கேட்டார்கள். 13 பேர் கூச்சத்தை விட்டு உண்மையைச் சொன்னார்கள். அடுத்த முறை டாக்டர் ‘வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா?’ என்று கேட்கும்போது, ‘இல்லை’ என்று சொல்வதற்கு முன்னால் குளியலறை அலமாரியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.